ஒரத்தநாட்டுச் சத்திரமும் நள்ளிரவு மணியும்

லேடாங் மலையடிவாரத்திலுள்ள நமது தங்காக்குக்கு அயலூரார் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக வருகின்றனர். ஒன்று, துணி வாங்குதல். மற்றொன்று, 1,276 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் ஏறுதல். இரவு தங்க வேண்டியவர் பணத்தைக் கொடுத்து அறையைப் பெறுகிறார். “நீர் என்ன ஜாதி?” என்று வாயிலில் எவரும் வினவுவதில்லை. இது நமக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றுகின்றது. ஆனால் நம்மிற் பலருடைய பாட்டன்மார் விட்டுவந்த தஞ்சைச் சீமையில், வழிப்போக்கனுக்கு எங்கே இடம் என்னும் கேள்வி நூற்றாண்டுக் கணக்காக நடந்த ஒரு வழக்காகும்.

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் ஒரத்தநாடு என்னும் ஊர் உளது. அங்கே 1802ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோஜி மன்னர், தம் அன்புக்குரிய முக்தாம்பாள் பெயரால் ஒரு சத்திரம் அமைத்தார். இராமேசுரம் போகும் யாத்திரிகரின் வழியில் மராட்டிய அரச குடும்பத்தார் எழுப்பிய பல சத்திரங்களுள் அது தலைசிறந்தது. நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் அதற்கு முந்தியது.

அச்சத்திரம் எழுந்த காலத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். 1799இல் சரபோஜி தமது இராஜ்யத்தைக் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டார். நாடு போயிற்று, பட்டம் மட்டும் நின்றது. அந்நிலையில் 1801இல் அவர் ரெஸிடெண்டு துரைக்கு ஒரு கடிதம் விடுத்தார். நாட்டைத் திரும்பக் கேட்டு எழுதியதன்று அது. சத்திரங்களுக்கு விடப்பட்ட மானியங்களில் கைவைக்கலாகாதென்று மன்றாடிய கடிதம்.

அதில் சத்திரத்தின் அன்றாட நடைமுறையை அவர் விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் ஈறாக வருவோர் யாவர்க்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதவர்க்கு அரிசியும் சாமான்களும். நள்ளிரவு வரையில் இது நடைபெறும். பிறகு மணியடிக்கப்படும், இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வந்து உண்ணவேண்டும் என்பது அம்மணியின் பொருள். நோயுற்ற பிரயாணிக்கு மருந்தும் பத்திய உணவும் உண்டு; விஷக்கடிக்கு வைத்தியரும் உண்டு. வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகள் உபாத்தியாயர் வசம் ஒப்புவிக்கப்பட்டு, வேளை மூன்றும் உணவு பெற்று, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும் பெற்றனர். எண்ணெய் முழுக்கைக் கூட மறவாது எழுதிய மன்னரை நாம் வணங்கத் தோன்றுகிறது.

ஆயினும் வணக்கத்தோடு நின்றுவிடுதல் நமக்கு வழக்கமன்று. யாவர்க்கும் சோறு என்பது வேறு. யாவர்க்கும் ஒரே பந்தி என்பது வேறு. இறந்தவர்க்கு அவரவர் ஜாதி முறைப்படியே சடங்கு நடந்ததென்று அக்கடிதமே கூறுகின்றது. வேதத்திற்கு ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். பசியை ஜாதி பாராமல் ஆற்றிய இடத்திலும், ஜாதியை எவரும் வாயிலுக்கு வெளியே விட்டு வரவில்லை.

அதன் பலன் பின்னாளில் வெளிப்பட்டது. சத்திரங்கள் தஞ்சை ஜில்லா போர்டாரின் நிர்வாகத்திற்கு வந்தன. இரயில் வந்தபின் கால்நடை யாத்திரிகரும் குறைந்தனர். ஒரத்தநாட்டிலும் இராஜாமடத்திலும் சத்திர நிதியால் மாணவர் விடுதிகள் நடைபெற்றன; அங்கே உண்டு தங்கிப் படித்தவர் பிராமணப் பிள்ளைகளே. பறையர் ஈறாக என்று மன்னர் எழுதிய சோறு, ஒரு வகுப்பாரின் சோறாகச் சுருங்கிற்று! உழுத குடியானவன் மகன் வெளியே நின்றான். நீதிக்கட்சித் தலைவர் ஏ. டி. பன்னீர்செல்வம் 1920களில் ஜில்லா போர்டுத் தலைவராக வந்தபோதுதான் அவ்விடுதிகள் மற்ற வகுப்பு மாணவர்க்கும் திறக்கப்பட்டன. திருவையாற்றுச் சமஸ்கிருதக் கல்லூரியிலும் தமிழ் படிக்க வழி பிறந்தது. அவர் 1940 மார்ச்சு முதல் நாள் விமான விபத்தில் மறைந்தார். இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கும் பிறர்க்கும் இடம் பிரித்திருந்த வழக்கம் 1941இல்தான் ஒழிந்தது என்பதை நினைத்தால், அவர் எவ்வளவு முன்னே நடந்தார் என்பது விளங்கும்.

மலாயாவுக்கு வருவோம். இங்கே பிரிட்டிஷ் ஆட்சியார் ஊர்தோறும் ரெஸ்ட் ஹவுஸ் கட்டினர். அவை சுற்றுப்பிரயாணம் செய்யும் உத்தியோகஸ்தர்களுக்காக எழுந்தவை. தோட்டத் தொழிலாளிக்கு லயம் இருந்தது. மாலையில் ஜாதி பாராமல் அவனை வரவேற்கக் கள்ளுக்கடை இருந்தது. அவனுக்கென்று திறந்து வைத்த ஒரே பொதுமனை அதுதான்! சத்திரம் கையில் உள்ளதைக் கொடுத்து அனுப்பும். கள்ளுக்கடையோ கையில் உள்ளதை வாங்கிக்கொண்டு அனுப்பும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். 1947இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தனர். தமக்குக் காட்டப்பட்ட மனை எத்தகையதென்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

தங்காக்கிலிருந்து தாயகம் காணச் செல்வோர் தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். இன்னும் சிறிது தூரம் பஸ்ஸில் சென்றால் ஒரத்தநாடு வந்துவிடும். சத்திரத்தின் வாயிலில் நின்று, நாகப்பட்டினத்துக் கப்பலுக்கு நடந்த நம் பாட்டன் இவ்வழியே வந்திருந்தால் எந்தப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டிருப்பார் என்று கேட்டுப் பார்க்கலாம்.