மீன்தொட்டி ஹாலில், சம்ப் பேஸ்மென்ட்டில்... கரன்ட் போனால் என்ன ஆகும்?

சம்ப் என்றதும் என்ன ஞாபகம் வருது? வாசல் பக்கம் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, மேலே ஏற்ற ஒரு மோட்டார், மாடியில் ஒரு டேங்க். மீன்தொட்டி சம்ப்பும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு வித்தியாசம், இங்கே தண்ணீர் 24 மணி நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். மேல்தொட்டியில் நிரம்பி வழிவது குழாய் வழியாகத் தானாகக் கீழே இறங்கும். சம்ப்பில் வடிகட்டப்பட்டு, ரிட்டர்ன் பம்ப் மூலம் மறுபடி மேலே போகும்.

இதில் லாபங்கள் நிறைய. மொத்தத் தண்ணீர் அளவு கூடுவதால் அழுக்கு சேர்வது மெதுவாகும். ஃபில்டர், ஹீட்டர், பம்ப் சத்தம் எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விடும். ஆனால், சம்ப்பை ஒரு தளம் கீழே கொண்டுபோகும்போது, 'ஓடும்போது எப்படி இருக்கும்' என்பதைவிட 'நின்றால் என்ன ஆகும்' என்பதுதான் முக்கியமான கேள்வி. நம்ம ஊரில் கரன்ட் போகும். அன்றைக்கு பேஸ்மென்ட் தரை நனையாமல் இருந்தால்தான் செட்டப் ஜெயித்தது என்று அர்த்தம்.

முதலில் கணக்கு

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 255 லிட்டர். இதில் தண்ணீர் மட்டம் ஒரு இன்ச் இறங்கினால் சுமார் 14 லிட்டர் கீழே போகிறது.

ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் 2 இன்ச் மூழ்கியிருக்கிறது என்று வையுங்கள். பம்ப் நின்றதும் அதே குழாய், கேனிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சுவதுபோல, தண்ணீரைப் பின்னோக்கி இழுக்கும். வாய் வெளியே தெரியும்வரை நிற்காது. 28 லிட்டர் காலி. குழாய்களில் நிற்பதையும் சேர்த்தால் சுமார் 35 லிட்டர் சம்ப்புக்கு வரும். அதே வாய் 6 இன்ச் மூழ்கியிருந்தால்? தொட்டியிலிருந்து மட்டுமே 85 லிட்டர்!

3 அடிக்கு ஒன்றரை அடி சம்ப் என்றால் ஒரு இன்ச்சுக்கு 10 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். ஆக, பம்ப் ஓடும்போது மேலே 4 இன்ச்சாவது காலியாக இருக்க வேண்டும். அந்த மட்டத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். அதைத் தாண்டி யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ரிட்டர்ன் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன துளை போடுவதும் அவசியம். மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து, உறிஞ்சுவது நின்றுவிடும். பாசி அடைக்காமல் மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். 'அதான் என்.ஆர்.வி வால்வு போட்டிருக்கே' என்று விட்டுவிடாதீர்கள். அதில் ஒரு நத்தை சிக்கினாலே போதும், வால்வு முழுசாக மூடாது.

பம்ப் வாங்கும்போது

பம்ப் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, மணிக்கு எத்தனை லிட்டர். இன்னொன்று 'ஹெச்-மேக்ஸ்'. முதல் எண், தண்ணீரைக் கொஞ்சம்கூட உயர்த்தாதபோது கிடைக்கும் அளவு. இரண்டாவது, அந்த உயரத்தைத் தொட்டால் ஒரு சொட்டும் வராது என்ற எல்லை.

பேஸ்மென்ட் தரையிலிருந்து ஹால் தரை 10 அடி, ஸ்டாண்டும் தொட்டியும் 4 அடி, சம்ப்பில் நிற்கும் தண்ணீர் ஒரு அடி கழித்தால் 13 அடி. அதாவது, சுமார் 4 மீட்டர். இதற்கு ஹெச்-மேக்ஸ் 6 மீட்டராவது உள்ள பம்ப் பாருங்கள். அந்த உயரத்தில் மணிக்கு 1,000 லிட்டர் வந்தால் இந்தத் தொட்டிக்குப் போதும். குழாய் 1 இன்ச்சுக்குக் குறைய வேண்டாம். எல்போ எண்ணிக்கை குறையக் குறைய வேகம் கூடும்.

கரன்ட் பில்லையும் பார்த்துவிடுவோம். 80 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்கு சுமார் 115 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை இது ஒன்றே சாப்பிட்டுவிடும்!

இறங்கும் குழாய் இரண்டு

ஒரு இலை போதும், இறங்கும் குழாய் அடைத்துக்கொள்ள. பம்ப் அது தெரியாமல் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும், ஹால் நனையும். அதனால் சற்று உயரத்தில் இன்னொரு அவசரக் குழாய் வையுங்கள். அதில் வால்வு எதுவும் வேண்டாம். இறங்கும் குழாய்கள் ரிட்டர்ன் குழாயைவிடப் பெரிதாகவே இருக்கட்டும். பம்ப் இருக்கும் அறையையும் சின்னதாக வைத்தால், இரண்டு குழாயும் அடைத்தால்கூட அந்த அறைத் தண்ணீர் மட்டும்தான் மேலே ஏறும்.

டேங்க் நிப்பிள் மாட்ட கண்ணாடியில் துளை போடுவதற்கு முன், அது டஃபன்டு கண்ணாடியா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் துளை போட முடியாது, நொறுங்கிவிடும். தளத்தில் ஓட்டை போடுவதாக இருந்தால் பீம், கம்பி எங்கே போகிறது என்று இன்ஜினீயரிடம் காட்டாமல் டிரில்லைத் தொடாதீர்கள்.

மழையும் மின்சாரமும்

2015, 2023 டிசம்பர் மழையில் சென்னையின் எத்தனையோ பேஸ்மென்ட்டுகள் மூழ்கின. உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும் என்றால் சம்ப்பைக் கீழே வைக்கும் யோசனையையே விட்டுவிடலாம். மற்றவர்களும் சம்ப்பை ஸ்டாண்டில் ஏற்றி, பிளக் பாயின்ட்டை அதைவிட உயரத்தில் வையுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும், ஈரம் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி கட்டாயம். சம்ப்புக்குள் கை விடும் முன் சுவிட்ச்சை ஆஃப் செய்வதும் கட்டாயம்.

ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் மீன்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். நீண்ட நேர பவர்கட்டுக்கு மேல்தொட்டிக்கு ஒன்று, சம்ப்புக்கு ஒன்று என பேட்டரி ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும்.

மீன் விடும் முன் இரண்டு டெஸ்ட்

ஒன்று: முழுசாக ஓடவிட்டு, பம்ப்பை ஆஃப் செய்யுங்கள். சம்ப் வழியாமல் நின்றால் பாஸ். மறுபடி ஆன் செய்ததும் பழைய மட்டத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு: முதல் இறங்கும் குழாயை அடைத்துப் பாருங்கள், அவசரக் குழாய் சமாளிக்க வேண்டும். பிறகு இரண்டையும் அடையுங்கள். பம்ப் அறை காலியாகும்வரை மேல்தொட்டி வழியக் கூடாது. காலியானதும் பம்ப்பை உடனே நிறுத்திவிடுங்கள், தண்ணீரின்றி ஓடினால் கெட்டுவிடும்.

இரண்டையும் பகலில், வீட்டில் இன்னொருவர் கீழே நிற்கும்போது செய்யுங்கள். இரண்டும் பாஸானால், ராத்திரி கரன்ட் போனாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.