செங்கீரை முதல் சிறுதேர் வரை

தமிழ்நிலத்தின் வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் கூறும். அம்மலையடியிலுள்ள திருப்பதியும் அருகிலுள்ள சித்தூரும் இன்று ஆந்திரத்தில் உள்ளன. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960-இல் திருத்தணி அதினின்று பிரிந்து சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தது. அரசியல் எல்லைகள் இவ்வாறு மாறிய நிலத்தில், குழந்தைகள் ஓடியாடும் வழக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இதற்குப் பழைய சான்று பிள்ளைத்தமிழ். பெரியாழ்வார் பாசுரங்களில் அதன் பருவங்கள் பல காணப்படுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் இயற்றினார். ஐந்தாம் திங்களளவில் குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டித் தலையெடுத்து ஆடுவது செங்கீரை. கைகொட்டுவது சப்பாணி. தளர்நடையிடுவது வருகை. இவற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குழந்தை தானே ஆடிற்று என்று புலவர் விட்டுவிடவில்லை. ஆடுக, கொட்டுக, வருக எனப் பெரியோர் எதிர்நின்று அழைக்கின்றனர். அழைப்பவர் இருந்தாலன்றோ குழந்தை அடியெடுத்து வைக்கும்!

குறையும் உண்டு. ஆண்மகவுக்குச் சிறுபறையும் சிறுதேரும். பெண்மகவுக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும். இவையும் உடலுக்கு உழைப்பே எனினும், தெருவைச் சிறுவனுக்கும் வீட்டைச் சிறுமிக்கும் அன்றே பங்கிட்டுவிட்டனர் போலும். அப்பங்கீட்டை நாமும் தொடர வேண்டுமா?

பட்டினப்பாலையிலேயே புதல்வர் உருட்டும் மூன்றுகாற் சிறுதேர் வருகிறது. நம் வீட்டு நடைவண்டிக்கும் மூன்று உருளைகளே. ஆனால் அதை உருட்ட இடம் வேண்டுமே! முற்றமும் திண்ணையுமற்ற வாடகை அறையில், 'ஓடாதே, கீழ்வீட்டார் கோபிப்பர்' என்பதே குழந்தை நாள்தோறும் கேட்கும் சொல். மூன்று, நான்கு வயதினர் நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் உடலசைந்து ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்தது. அத்தனை நிமிடங்களை அவ்வறையில் எங்கே தேடுவது?

தெருவில்தான். அங்கே மொழியும் தடையன்று. நம் சடுகுடு தெலுங்கில் செடுகுடு, பம்பரம் பொங்கரம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்துணை எளிய வேலை வாய்ப்பதில்லை.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். விடியற்காலையில் அங்கு நின்று பார்த்தோம். தந்தையின் தோளில் வந்த சிறுமி ஒருத்தி, முன்னே ஏறிய பாட்டி திரும்பி நின்று கைநீட்டியதும் இறங்கிக்கொண்டாள். ஏழெட்டுப் படிகள் ஏறியிருப்பாள், மூச்சு வாங்கிற்று. பாட்டி மேற்படியில் நின்று மறுபடியும் கைநீட்டினார்.