வூடூவும் ஒரு துபாஷியும்

பள்ளியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். அலுவலகத்தில் கோப்பு எழுதியதோ ஆங்கிலத்தில். கையில் சரக்கு இருந்தாலும் எதிராளிக்கு நம் மொழி தெரியாவிட்டால் என்ன பாடு என்பது எனக்குத் தெரியும். கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றுக்கும் அந்தக் கதி நேர்ந்தது.

1987-இல் ஐபிஎம் விஜிஏ என்ற திரைமுறையைக் கொண்டுவந்தது. 640க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள். மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றியதால், விஜிஏவுக்கு எழுதிய மென்பொருள் யாருடைய கார்டிலும் ஓடியது. முப்பரிமாணப் படம் வந்தபோது இந்த ஒற்றுமை குலைந்தது.

1994-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம், 1996-இல் வூடூ சிப்பை வெளியிட்டது. முப்பரிமாணம் மட்டுமே அதன் வேலை. சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு வேண்டும். இரண்டையும் பின்பக்கம் ஒரு கேபிளால் இணைப்பார்கள். வூடூவிடம் வேலை வாங்க நிறுவனம் உருவாக்கிய மொழி கிளைட். சுருக்கமானது, வேகமானது. விளையாட்டு எழுதுவோர் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கிளைடுக்கு மட்டும் எழுதியது பிறர் கார்டில் ஓடாது.

அதே காலத்தில் ஓப்பன்ஜிஎல், மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி என்ற பொது மொழிகள் வலுத்தன. விளையாட்டு பொது மொழியில் கேட்கும். அந்தந்தக் கார்டின் டிரைவர் அதைத் தன் கார்டுக்குப் புரியவைக்கும். எழுதுவோர் மெல்ல அந்தப் பக்கம் போனார்கள். 1999 டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸ் கிளைடின் மூலநிரலைத் திறந்துவிட்டது. காலம் கடந்துவிட்டது. 2000 டிசம்பரில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அடுத்தடுத்து புதிய விண்டோஸ் வந்தபோது, வூடூவுக்கு டிரைவர் எழுதித் தர நிறுவனமே இல்லை.

அப்படியானால் கிளைடில் எழுதிய விளையாட்டுகள்? அவற்றைக் காப்பாற்றியவர்கள் ஆர்வலர்கள். கிளைட் கோப்பின் பெயரிலேயே ஒரு மாற்றுக் கோப்பை எழுதினார்கள். அதை விளையாட்டு இருக்கும் இடத்தில் வைத்தால், விளையாட்டு வழக்கம்போல் கிளைடில் கேட்கும். அந்தக் கோப்பு அதை டைரக்ட்3டியிலோ ஓப்பன்ஜிஎல்லிலோ மாற்றி இன்றைய கார்டிடம் சொல்லும். எங்கள் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்குச் செய்த துபாஷி வேலைதான்.

ஆகவே, அந்தக் காலத்துக் குறுந்தகடுகள் வீட்டில் கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கார்டு போனால் போகட்டும், துபாஷி கிடைப்பார்.