கடல் மாறிய மனிதர்கள் – 14
நடுவட்டத்துச் சீனக் குடும்பங்கள்

ராயவரம், அரிமளம், பொன்னமராவதி. புதுக்கோட்டைச் சீமையின் இந்த ஊர்களிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் நகரத்தார்கள் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ‘கொண்டுவிக்க’, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, கப்பலேறினார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர்களிடம் கடன் வாங்கித் தொழில் செய்தவர்களில் பலர் சீனர்கள். குவாங்டோங், ஃபுஜியான் மாகாணங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 1859-இல் சிங்கப்பூர் டேங்க் சாலையில் செட்டியார்கள் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியபோது, அந்த நகரில் சீனர்களே பெரும்பான்மை.

அதே கடல்வழியில் எதிர்த்திசையிலும் மனிதர்கள் வந்தார்கள், கைதிகளாக.

முதலில், கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியக் கைதிகளைப் பல ஆண்டுகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாடுகடத்தியது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்களுடைய உழைப்பில் எழுந்ததுதான். பின்னாளில், அங்கே தண்டனை பெற்ற சீனர்களை அடைக்கச் சிறைகளில் இடம் போதவில்லை. அவர்களைச் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். ஒரு பகுதியினர் நீலகிரிக்குக் கொண்டுபோகப்பட்டனர். மலேரியாவுக்கு மருந்தான குயினைனைத் தரும் சின்கோனா மரங்களை 1860-களில் ஆங்கில அரசு அங்கே பயிரிட்டது. அந்த மலையின் நடுவட்டத்துத் தோட்டங்களில் கைதிகளின் உழைப்பு தேவைப்பட்டது.

1868 ஜூலை 28, புயலடித்த இரவு. பன்னிரண்டு சீனக் கைதிகள் சிறையை உடைத்துத் தப்பினார்கள். இரண்டு வாரங்களுக்குப் பிறகு மலபாரில் பிடிபட்டபோது அவர்களிடம் போலீஸாரின் ஆயுதங்கள் இருந்தன. தேடிப்போன காவலர்கள் நால்வரின் உடல்கள் செப்டம்பரில் காட்டுக்குள் கிடைத்தன. நீலகிரி கெஜட்டியர் இந்தச் சம்பவத்தை விரிவாகவே பதிந்திருக்கிறது.

ஆனால், விடுதலையான சீனர்களின் கதை அந்த ரத்தத்தோடு முடியவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் சிலர் குடியேறினார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்துத் தமிழ்ப் பெண்களை மணந்தார்கள். காய்கறி பயிரிட்டு, கொஞ்சம் காப்பி வளர்த்து, மாடு வைத்துப் பிழைத்தார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து இனம் பிரித்துக் குறித்தவர். பணம் தருகிறேன், அளவெடுக்க வாருங்கள் என்று இவர்களுக்கும் ஆள் அனுப்பினார். பணம் வேண்டாம் என்று பணிவோடு பதில் வந்தது. எங்களைப் படமெடுத்தால் நினைவாக ஒரு பிரதி கொடுங்கள், அது போதும் என்றார்கள்.

அவர்கள் ஏழைகள். தங்களைக் காட்சிப்பொருளாக்க வந்தவரிடம் அவர்கள் கேட்டது, குடும்பம் வைத்திருக்கும் எவரும் விரும்புகிற ஒன்றைத்தான்: தம் முகம் தமக்கு. 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில், தமிழ்த் தாய்க்கும் சீனத் தந்தைக்கும் பிறந்தவர்களின் நிறமும் முக அமைப்பும் தனிக் குறிப்பாகவே இருக்கின்றன. இந்தக் குடும்பங்களை வெறும் அளவுகளாகப் படித்துக் கடந்துவிடக் கூடாது. தமிழகப் புலம்பெயர்வு வரலாற்றில், ராயவரத்திலிருந்து சிங்கப்பூர் போனவர்களுக்கு இருக்கும் இடம், சிங்கப்பூர்ப் பக்கமிருந்து நடுவட்டம் வந்து தமிழ்க் குடும்பமானவர்களுக்கும் உண்டு.

அடுத்த வாரம்: கல்கத்தா பௌ பஜாரின் கான்டனீஸ் தச்சர்கள்.

(தொடரும்)