கிரேக்க அட்டை

எங்கள் கல்லூரி விடுதியில் டிவி அறை ஒன்றுதான். ரிமோட்டும் ஒன்றுதான். வாரம் முழுக்க அதற்காகச் சண்டை நடக்கும். சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு மட்டும் சண்டையில்லாமல் எங்கள் கைக்கு வந்துவிடும். இங்கிலாந்து பிரீமியர் லீக். அங்கே அப்போது குளிர்கால மதியம் மூன்று மணி. "மச்சான், அந்த ஊர்ல பொறந்திருந்தா டெய்லி இதான்டா வேலை" என்பான் பக்கத்து நாற்காலிக்காரன்.

அவன் சொன்னது தப்பு என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நாங்கள் மெஸ் சப்பாத்தியோடு உட்கார்ந்து பார்த்த அந்த மூன்று மணி ஆட்டத்தை இங்கிலாந்தில் யாரும் டிவியில் நேரலையாகப் பார்க்க முடியாது. மைதானத்துக்கு எதிர்வீட்டில் இருப்பவர்கூட. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் போன்றவர்கள் வற்புறுத்தி வாங்கிய ஏற்பாடு அது. பெரிய ஆட்டத்தை டிவியில் காட்டினால் சின்ன ஊர் மைதானத்துக்கு எவன் டிக்கெட் எடுத்து வருவான் என்பது அவர்கள் கேள்வி. சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் நேரடிக் கால்பந்து ஒளிபரப்பு கிடையாது. இன்றுவரை அப்படித்தான்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் அலுவலகத்தில் வந்த ஒரு புகார். வீடியோ ஒளிபரப்பும் ஒரு தளத்தின் பின்புலத்தில் வேலை பார்க்கிறேன். கேட்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், அவருக்கு இந்தக் காட்சியைக் கொடுக்கலாமா கூடாதா என்று பார்க்கும் பகுதி எங்கள் குழுவுடையது. ஒருவர் இங்கே சந்தா கட்டிவிட்டு வேலைக்காக வெளிநாடு போயிருக்கிறார். அங்கே ஆட்டம் வரவில்லை. காசு கட்டினேனே, ஏன் வரலை என்று எழுதியிருந்தார். நிரலைப் பார்த்தேன், பிழை எதுவுமில்லை. 'எதிர்பார்த்தபடி இயங்குகிறது' என்று எழுதி டிக்கெட்டை மூடினேன். மூடிவிட்டேனே தவிர மனசு ஆறவில்லை. இந்த எல்லையை முதலில் யார் போட்டார்கள்?

1989க்குப் போக வேண்டும். அந்த வருடம் பிப்ரவரி 5ஆம் தேதி ரூபர்ட் முர்டாக்கின் ஸ்கை டெலிவிஷன் நான்கு சேனல்களோடு தொடங்கியது. பிரிட்டனில் செயற்கைக்கோள் டிவி நடத்த முறையான அரசு உரிமம் வைத்திருந்தது ஸ்கை அல்ல, பி.எஸ்.பி. என்ற இன்னொரு நிறுவனம். ஸ்கை என்ன செய்தது? லக்சம்பர்க் நிறுவனம் ஒன்று 1988 டிசம்பரில் ஏவிய ஆஸ்ட்ரா என்ற செயற்கைக்கோளில் இடத்தை வாடகைக்கு எடுத்தது. லக்சம்பர்க் கோள், ஆகவே பிரிட்டிஷ் உரிமம் தேவையில்லை. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் சிக்னலுக்கு எது பிரிட்டன், எது பிரான்ஸ்? கூரையில் ஒரு டிஷ் வைத்தால் வந்துவிடுகிறது. சட்டம் வாசலில் காவல் நின்றது, ஸ்கை மொட்டை மாடி வழியாக இறங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1990இல் பி.எஸ்.பி.யும் வந்து சேர்ந்தது. அதற்கு வேறு கோள், வேறு ஒளிபரப்பு முறை, வேறு ஆன்டெனா. ஒரு முழம்கூட இல்லாத சதுரத் தட்டு அது. 'ஸ்குவேரியல்' என்று பெயர். எஃப்.ஏ. கோப்பை ஆட்டங்கள் பி.எஸ்.பி.யிடம் இருந்தன. ஸ்கை வாங்கிய வீட்டில் பி.எஸ்.பி. வராது, பி.எஸ்.பி. வாங்கிய வீட்டில் ஸ்கை வராது. இரண்டும் பணத்தைக் கொட்டித் தாங்க முடியாமல் அதே வருடம் நவம்பரில் ஒன்றாகச் சேர்ந்தன. பெயர்தான் இணைப்பு, நடத்தியது ஸ்கை. பி.எஸ்.பி.யின் இரண்டு கோள்களும் பின்னர் ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் விற்கப்பட்டன. சதுரத் தட்டை நம்பி வாங்கியவர் வீட்டுச் சுவரில் அது சும்மா தொங்கியது. எந்த டிஷ் வாங்குவது என்று யோசித்து யோசித்து முடிவெடுத்த மனிதருக்கு, அந்த முடிவு தன் கையில் இருந்ததே இல்லை என்று தெரிந்த முதல் தருணம் அதுவாக இருக்கலாம்.

ஸ்கை பிழைத்தது கால்பந்தால். 1988இல் ஐ.டி.வி. நான்கு வருடத்துக்கு 44 மில்லியன் பவுண்டு கொடுத்து லீக் ஆட்டங்களை வாங்கியிருந்தது. 1992இல் பெரிய கிளப்புகள் பழைய அமைப்பிலிருந்து பிரிந்து பிரீமியர் லீக் தொடங்கின. மே 18ஆம் தேதி லண்டனில் ஒரு ஹோட்டலில் 22 கிளப்புகள் கூடின. ஐ.டி.வி.யா, ஸ்கையா? டாட்டன்ஹாம் கிளப்பின் தலைவர் ஆலன் சுகர் ஸ்கை பக்கம் நின்றார். அவருடைய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம்தான் ஸ்கைக்கு டிஷ் தயாரித்துக் கொடுத்தது. அதைச் சபையில் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுப் போட்டார். 14 ஓட்டு ஆதரவு, 6 எதிர்ப்பு, 2 பேர் ஓட்டளிக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு 304 மில்லியன் பவுண்டு என்று அறிவித்தார்கள். தொகுப்புக் காட்சிகள் பி.பி.சி.க்கு, நேரலை ஸ்கைக்கு. ஆகஸ்ட் 16ஆம் தேதி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் லிவர்பூலை 1-0 என்று வென்ற ஆட்டத்தோடு புதிய காலம் பிறந்தது. லீக் ஆட்டத்தை நேரலையில் பார்க்கச் சந்தா கட்ட வேண்டிய காலம்.

சந்தா கட்டாதவரை எப்படித் தடுப்பது? பொறியாளனாக எனக்குப் பிடித்த பகுதி இது. ஸ்கை பயன்படுத்திய முறைக்கு வீடியோகிரிப்ட் என்று பெயர். திரையில் படம் கோடு கோடாகத்தானே வரையப்படுகிறது? ஒவ்வொரு கோட்டையும் 256 இடங்களில் ஏதோ ஓர் இடத்தில் வெட்டி, இரண்டு துண்டுகளையும் இடம் மாற்றி அனுப்புவார்கள். எங்கே வெட்டினார்கள் என்ற ரகசியம் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறும். அதைச் சொல்லும் சாவி, வங்கி அட்டை அளவிலான ஒரு பிளாஸ்டிக் அட்டைக்குள் இருக்கும். அட்டையைச் செருகினால் படம், எடுத்தால் குழப்பம்.

வானத்தில் எல்லை போட இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒளிக்கற்றையையே குறுக்குவது. 2003இல் பி.பி.சி. செய்தது அதைத்தான். பிரிட்டனைச் சுற்றி மட்டும் வலுவாக விழும் ஆஸ்ட்ரா 2டி கோளுக்கு மாறியதால் பூட்டே தேவையில்லை என்று திறந்துவிட்டது. இன்னொன்று, ஐரோப்பா முழுக்க விழட்டும் என்று விட்டுவிட்டு, அட்டையை மட்டும் ஒரு நாட்டுக்குள் விற்பது. லீக் இந்த இரண்டாவது வழியில்தான் காசு பார்த்தது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நிறுவனத்துக்குத் தனி உரிமை. அந்த நிறுவனம் தன் நாட்டுக்கு வெளியே அட்டை விற்கக் கூடாது.

ஆனால் அட்டை சட்டைப் பையில் அடங்கும். ஸ்பெயினில் குடியேறிய பிரிட்டிஷ்காரர்கள் ஊரிலுள்ள முகவரியைக் கொடுத்து ஸ்கை அட்டையை வாங்கிக் கொண்டுபோனார்கள். எதிர்த்திசையிலும் அட்டைகள் வந்தன. போர்ட்ஸ்மத் நகரின் சவுத்சீ பகுதியில் 'ரெட், ஒயிட் அண்ட் ப்ளூ' என்ற பப்பை நடத்திய கேரன் மர்ஃபியின் அட்டை கிரேக்கத்திலிருந்து வந்தது.

பப்புக்கு ஸ்கை வாங்குவது வீட்டுக்கு வாங்குவது போல அல்ல. கட்டடத்தின் வரி மதிப்பை வைத்துக் கட்டணம் போடுவார்கள். மாதம் பல நூறு பவுண்டு. கிரேக்கத்தின் நோவா நிறுவன அட்டைக்கு அதில் ஒரு சிறு பகுதிதான் ஆனது. நோவா வந்த ஹாட் பேர்ட் கோளின் சிக்னல் இங்கிலாந்திலும் தாராளமாக விழுந்தது. கூடுதலாக ஒன்று: கிரேக்கத்தில் மூன்று மணித் தடை கிடையாது. எங்கள் விடுதிக்குக் கிடைத்த அதே ஆட்டம், போர்ட்ஸ்மத்தில் ஒரு பப்புக்கு ஏதென்ஸ் வழியாகக் கிடைத்தது. வர்ணனை எந்த மொழியில் இருந்தால் என்ன, பந்து ஒன்றுதானே.

அது திருட்டு அட்டை அல்ல, நோவா காசு வாங்கிக்கொண்டு கொடுத்த அசல் அட்டை. ஆனாலும் நேர்மையற்ற முறையில் ஒளிபரப்பைப் பெற்றார் என்று லீக்கின் சார்பில் இயங்கிய நிறுவனம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் தோற்றார். அபராதமும் செலவுமாகச் சுமார் 8,000 பவுண்டு. மேல்முறையீட்டிலும் தோற்றார். கட்டிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அது லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திடம் கேட்டது: ஒரே சந்தை என்று சொல்லிக்கொள்ளும் ஐரோப்பாவில், ஒரு நாட்டில் முறையாக விற்ற அட்டையை இன்னொரு நாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று தடுக்க முடியுமா?

2011 அக்டோபர் 4ஆம் தேதி பதில் வந்தது. முடியாது. வெளிநாட்டு அட்டையைத் தடை செய்வது சேவைகள் எல்லை கடந்து பாயும் சுதந்திரத்துக்கு எதிரானது. அட்டையை வெளியே விற்கக் கூடாது என்ற ஒப்பந்தம் போட்டியைக் கெடுப்பது. தீர்ப்பில் எனக்கு மறக்கவே முடியாத வரி ஒன்று உண்டு. கால்பந்து ஆட்டத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்கிறது நீதிமன்றம். விதிகளுக்குக் கட்டுப்பட்டு ஆடப்படுவதால் அதில் படைப்புச் சுதந்திரத்துக்கு இடமில்லையாம். மைதானத்தில் நடப்பதைப் பார்த்துக் கண் கலங்கிய எவரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் சட்டம் அது.

லீக் தோற்றுவிட்டதா? தீர்ப்பைத் தொடர்ந்து படித்தால் சிரிப்பு நின்றுவிடும். ஆட்டத்துக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் தொடக்கத்தில் ஓடும் காட்சிக்கு உண்டு. லீக்கின் இசைக்கு உண்டு. மூலையில் தெரியும் கிராஃபிக்ஸுக்கு உண்டு. வீட்டில் பார்த்தால் பரவாயில்லை. பப்பில் காட்டினால் அது பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பது, அதற்கு அனுமதி வேண்டும். 2012 பிப்ரவரியில் மர்ஃபி மீதான தண்டனை ரத்தானது. அதே சமயம், பப்பில் கிரேக்க அட்டையைச் செருகும் அடுத்தவரைப் பிடிக்க லீக்கிடம் வேறு கயிறு இருந்தது. வழக்குகள் நிற்கவில்லை. பந்துக்காக இல்லை, மூலையில் இருக்கும் சின்னத்துக்காக.

பார்வையாளனுக்கு நல்லது செய்கிறேன் என்று யாருமே முயலவில்லையா? முயன்றார்கள். எல்லா ஆட்டத்தையும் ஒரே நிறுவனத்துக்கு விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் அழுத்தம் கொடுத்தது. அதனால் 2007 முதல் பருவத்துக்கு 92 நேரலை ஆட்டங்கள் ஸ்கைக்கும் 46 ஆட்டங்கள் செடான்டாவுக்கும் போயின. விளைவு? ரசிகர் இரண்டு சந்தா கட்டினார். 2009 ஜூனில் செடான்டாவின் பிரிட்டன் சேவை நொடித்து மூடியது. பிறகு ஈ.எஸ்.பி.என்., அதன்பிறகு பி.டி. 2016இல் தொடங்கிய மூன்று வருட உரிமைக்கு லீக் வாங்கிய தொகை 5.136 பில்லியன் பவுண்டு. போட்டி வந்தால் விலை குறையும் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். இங்கே போட்டி நடந்தது ரசிகரிடம் விற்பதில் அல்ல, லீக்கிடம் வாங்குவதில். ஏலத்தில் ஏறிய விலை பில்லாக ரசிகர் வீட்டுக்கு வந்தது.

எந்த டிஷ் நல்லது, எந்த பேக்கேஜ் எடுக்கலாம் என்று நாம் கேட்பது நம்முடைய கேள்வி போலத் தெரிகிறது. பதில்களை ஓர் ஏல அறையில் முன்பே எழுதிவிடுகிறார்கள், நாம் டிக் அடிக்கிறோம். அந்தத் தாளில் இல்லாத ஒரு பதிலை எழுதியவர் மர்ஃபி. அவர் செய்ததும் 1989இல் ஸ்கை செய்ததும் அடிப்படையில் ஒன்றுதான்: உள்நாட்டுக் கதவு பூட்டியிருந்தது, வெளிநாட்டு வானம் திறந்திருந்தது. பெரிய நிறுவனம் செய்தபோது அதற்குத் தொழில் சாமர்த்தியம் என்று பெயர். பப் நடத்தும் பெண் செய்தபோது நேர்மையின்மை என்று குற்றப்பத்திரிகை.

2020 முடிவோடு பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையிலிருந்து வெளியேறிவிட்டது. மர்ஃபி நின்று வாதாடிய தரையே அங்கு இப்போது இல்லை. டிஷ்ஷும் மெல்ல மறைகிறது. எல்லை இப்போது அட்டைக்குள் இல்லை, ஐபி முகவரியைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும் சில வரி நிரலில் இருக்கிறது. அட்டையையாவது பையில் போட்டுக்கொண்டு கப்பல் ஏறலாம்.

அந்தப் புகாரை மறுபடி திறந்து பார்த்தேன். அவருக்கு ஆட்டத்தைக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. முன்பு எழுதியதை மட்டும் திருத்தினேன். 'எதிர்பார்த்தபடி இயங்குகிறது' என்பதை அடித்துவிட்டு, 'ஒப்பந்தப்படி இயங்குகிறது' என்று எழுதினேன். காசு கட்டியவர் எதிர்பார்த்தது அதை அல்ல.