கட்டளைச் சந்தா பக்கம்

கட்டளைச் சந்தா பக்கம்: யுபிக்விட்டி என்னும் ஃபயர்பாக்ஸ் நீட்சியில், பிறர் எழுதிய கட்டளைகளைப் பயனர் சேர்த்துக்கொள்ள உதவிய வலைப்பக்கம். நீட்சியை மொசில்லா லேப்ஸ் 2008 ஆகஸ்டில் வெளியிட்டது. பக்கத்தின் தலைப்பகுதியிலுள்ள லிங்க் குறி, கட்டளைகள் அடங்கிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைச் சுட்டியது. பக்கம் திறந்ததும் அறிவிப்புப் பட்டை தோன்றியது. அதிலுள்ள சந்தா பொத்தானை அழுத்தியதும் எச்சரிக்கையும் மூலநிரலும் காட்டப்பட்டன. கட்டளைகள் உலாவியின் முழு அதிகாரத்துடன் இயங்கியதே இந்த எச்சரிக்கைக்குக் காரணம். நிரல் அறியாதவருக்கு அந்த மூலநிரலால் பயன் சொற்பம். எனவே கட்டளையின் பெயர், விளைவு, எழுதியவர் ஆகியவற்றைப் பக்கமே எளிய நடையில் சொல்ல வேண்டியிருந்தது. ‘மேப்’ என்று தட்டி ராயபுரம் எனச் சேர்த்தால் வரைபடம் வரும் என்ற ஒற்றை மாதிரி, பத்தி விளக்கத்தைவிடத் தெளிவானது. பின்னர் மொசில்லா இந்நீட்சியின் வளர்ச்சியை நிறுத்திவிட்டது.