குடிமதிப்பில் நம் தமிழ்



யோசேப்பும் மரியாளும் குடிமதிப்பு எழுதப்படும்படி பெத்லகேமுக்குப் போனதை நத்தார்தோறும் கேட்கிறோம். நாம் வாழும் கியூபெக்கிலும் பழைய குடிமதிப்பு ஒன்று உண்டு. 1666இல் ஜான் தலோன் என்னும் அதிகாரி வீடு வீடாகப் பெயர், வயது, தொழில் எழுதுவித்தார். புதிய பிரான்ஸ் எனப்பட்ட அந்தக் குடியேற்றம் முழுவதிலும் எண்ணப்பட்டோர் 3,215 பேரே. பார்க் எக்ஸ்டென்ஷன் வழியே போகும் தெரு அவர் பெயரைத்தான் தாங்கியுள்ளது.

2021இல் மொன்றியல் நகரில் மட்டும் 17 இலட்சத்துக்கும் அதிகமானோர். அதில் நாமும் அடக்கம். 1983 ஆடிக் கலவரத்தின்பின் இலங்கைத் தமிழர் பெருமளவில் அகதிகளாய் வந்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களிற் பலர் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிள்ளைகளே, இன்றைய கனடியக் குடிமதிப்பு தாய்மொழியையும் கேட்கிறது. சிறுவயதில் வீட்டில் முதலில் கற்று, இன்னமும் விளங்குகிற மொழியே அதன் கணக்கில் தாய்மொழி. தமிழ் விளங்காமற் போனால், நம் குடும்பங்கள் பெருகினாலும் அந்த எண் குறையும். ஆகவே வீட்டு ஜெபத்தில் வேதபகுதியை நீங்களே தமிழில் வாசியுங்கள். பெற்றோரே, வாசிப்பில் பிழை வந்தாலும் பொறுமையாய்க் கேளுங்கள்.